அலாய் வீலில் வெள்ளைப் புள்ளி: வாசகர் கேள்வி–பதில்

கோடை தொடங்கியதும் வழக்கமாக ஏசி கூலிங் பற்றித்தான் கடிதங்கள் வரும். இந்த முறை என்னவோ ஆளாளுக்கு அலாய் வீலை, அதாவது காரின் அலுமினியக் கலவைச் சக்கரத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். வெள்ளைப் புள்ளி, உப்புக் கறை, எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை என்று ஒரே புலம்பல். சரி, மைலேஜ், டயர் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கார் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. டாப் வேரியன்ட், டைமண்ட் கட் அலாய். அபார்ட்மென்ட்டில் தினமும் காலையில் ஒருவர் போர் தண்ணீரை வைத்துத் துடைத்துவிட்டுப் போகிறார். வீல் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள். ஷாம்பு போட்டுக் கழுவினால் ஈரம் இருக்கும்வரை தெரிவதில்லை, காய்ந்ததும் திரும்ப வந்துவிடுகிறது. எந்த பாலிஷ் வாங்கலாம்? — வாசகர், மேடவாக்கம், சென்னை

பதில்: இப்போதைக்கு எந்த பாலிஷும் வாங்காதீர்கள். அது அழுக்கு இல்லை, கல். உங்கள் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் தண்ணீர் ஆவியானதும் அங்கேயே படிந்துவிட்டன. பாத்ரூம் குழாய் முனையில், கெய்சருக்குள், இட்லிப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சமாச்சாரம்தான். ஷாம்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், சுண்ணாம்பை எடுக்காது. ஈரத்தில் தெரியாமல் காய்ந்ததும் தெரிவதிலும் மர்மம் ஒன்றும் இல்லை. அந்தப் படிவின் மேல் ஒளி சிதறுவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது, மேலே தண்ணீர் நிற்கும்போது அந்தச் சிதறல் குறைந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, 1,200 என்று வைத்துக்கொள்வோம். சென்னைப் புறநகரில் அது ஒன்றும் அதிசயமான எண் இல்லை. ஒரு லிட்டரில் 1,200 மில்லிகிராம் என்றால் 15 லிட்டர் பக்கெட்டில் 18 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் உப்பு. அதைத் தினமும் காரின் மேல் பூசி வெயிலில் காயவைக்கிறீர்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500, டிடிஎஸ் 500 வரை இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்கிறது. குடிக்கச் சகித்துக்கொள்ளலாம் என்கிற தண்ணீரே காரை இந்தப் பாடு படுத்தும்.

இனி வேலைக்கு வருவோம். டைமண்ட் கட் என்பது அலாயின் முகத்தை லேத்தில் சீவி, வெறும் அலுமினியம் மின்னும்படி விட்டு, அதன் மேல் கிளியர் கோட் என்கிற நிறமில்லாத மேல்பூச்சு அடித்திருப்பது. நீங்கள் தொடுவது அலுமினியத்தை இல்லை, அந்த கிளியர் கோட்டைத்தான். பொதுவாக அது ஒரு தலைமுடியின் பருமன்கூட இருக்காது. அதனால் மெட்டல் பாலிஷ், ஸ்காட்ச் பிரைட், வாட்டர் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) மூன்றுக்கும் இங்கே வேலை கிடையாது. மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் போதும். அதில் 4 அல்லது 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். நல்ல தண்ணீரில் சரிக்குச் சரி கலந்துகொள்ளுங்கள். முதலில் ஷாம்பு போட்டுக் கழுவி பிரேக் தூசியை எடுத்துவிட வேண்டும், இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் நிறைய. வீல் கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், நிழலில் இருக்க வேண்டும். வினிகர் தண்ணீரில் நனைத்த துணியைப் புள்ளிகளின் மேல் ஒன்றிரண்டு நிமிடம் ஒட்டிவைத்து, லேசாகத் துடைத்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். போகாத இடத்தில் இன்னொரு முறை. அரை மணி நேரம் ஊறவிட்டால் இன்னும் நன்றாகப் போகும் என்று தோன்றும், அந்த ஆசை வேண்டாம்.

இரண்டு முறை செய்தும் வட்ட வட்டமாகத் தடம் நின்றால், மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். விளிம்பு மட்டும் வளையமாகத் தெரிந்து நடுவில் ஒன்றும் இல்லையென்றால் படிவு போய்விட்டது, அது கிளியர் கோட்டில் விட்டுப்போன பள்ளம்தான் மிச்சம். அதற்கு வினிகர் பயன்படாது. கார் பெயின்ட்டுக்கான மிக மெல்லிய ஃபினிஷிங் பாலிஷை ஃபோம் பேடில் பட்டாணி அளவு எடுத்துக் கையால் தேய்த்தால் பெரும்பாலும் மங்கிவிடும். பாடி ஷாப்பில் கிடைக்கும் ரப்பிங் காம்பவுண்டை எடுத்துவிடாதீர்கள், அது சொரசொரப்பு அதிகம்.

இதெல்லாம் முடிந்தபின் அந்தக் காலைநேர ஆளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். வீலை அவர் தொடவே வேண்டாம், வாரம் ஒரு முறை நீங்களே கழுவி உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். தினமும் ஈரத்துணியால் துடைப்பதைவிட ஒரு வாரம் தூசியோடு விடுவது வீலுக்கு நல்லது. உப்புத் தண்ணீர் வீலில் காயாமல் பார்த்துக்கொண்டால் நான் இதுவரை எழுதிய எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.

கேள்வி: வினிகர் எதற்கு, எலுமிச்சையும் புளியும் இருக்கும்போது? குக்கரில் தண்ணீர் ஊற்றும்போது ஒரு துண்டு புளி போட்டால் அடி கறுக்காமல் இருக்கிறதே. குக்கரும் அலுமினியம், வீலும் அலுமினியம். — வாசகி, சேலம்

பதில்: இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. குக்கரில் நடப்பது இதுதான். நம் போர் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய இருக்கிறது. கொதிக்கும்போது அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, தண்ணீர் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. சூடான காரத் தண்ணீரில் அலுமினியம் கறுக்கும். நீங்கள் போடும் துளிப் புளி அந்தக் காரத்தைச் சமன்செய்துவிடுவதால் கறுப்பதில்லை. அங்கே புளியின் வேலை சமன்செய்வது, தேய்ப்பது இல்லை.

அதே வீட்டில் புளிக்குழம்பை அலுமினியப் பாத்திரத்தில் ராத்திரி முழுக்க வைக்காதே என்றும் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள், இல்லையா? அலுமினியத்தைக் காப்பாற்றுவது அதன் மேல் தானாகவே உண்டாகும் ஆக்சைடு படலம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாகப் பிரித்தால் அதில் நாலைந்து கூறு கனம்தான் அது. பி.எச். அளவு சுமார் 4-லிருந்து 8.5 வரை இருக்கும்வரை அந்தப் படலம் அசையாது. அதற்குக் கீழே புளிப்பு ஏறினாலும் கரையும், மேலே காரம் ஏறினாலும் கரையும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-ஐ ஒட்டியது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் கறை மட்டும் கரைந்து உலோகம் அப்படியே நிற்கும், ஏனென்றால் பித்தளையில் பெரும்பங்கான செம்பு அவ்வளவு சுலபத்தில் அமிலத்துக்கு மசியாது. அலுமினியம் மசிந்துவிடும்.

கிளியர் கோட் இருக்கும் வீலில் எலுமிச்சை வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன், சுண்ணாம்பைக் கரைக்கத்தான் செய்யும். ஆனால் பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், சக்கை ஒட்டும், ஸ்போக் இடுக்கில் பிசுபிசுப்பு நிற்கும், அப்புறம் எறும்பு வரும். 30 ரூபாய் வினிகர் பாட்டிலுக்கு இவ்வளவு யோசனை தேவையா?

கேள்வி: ஆர்ஓ மெஷினின் வேஸ்ட் தண்ணீரைப் பிடித்துத்தான் கார் கழுவுகிறேன். தண்ணீரும் வீணாகவில்லை, ஆர்ஓ தண்ணீர் என்பதால் காருக்கும் நல்லதுதானே? — வாசகர், திருப்பூர்

பதில்: நல்ல மனசு, தப்பான குழாய். மெஷின் நல்ல தண்ணீரைப் பிரித்து எடுத்தபின் விட்ட உப்பு முழுக்க அந்த வேஸ்ட் தண்ணீரில்தான் இருக்கிறது. உள்ளே போகும் தண்ணீர் டிடிஎஸ் 1,000, நாலு லிட்டருக்கு ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கிடைக்கிறது என்றால், வெளியே கொட்டும் மூன்று லிட்டரின் டிடிஎஸ் கிட்டத்தட்ட 1,300 வரும். போர் தண்ணீரைவிட மோசம். வீடு துடையுங்கள், வாசல் கழுவுங்கள், கால்மிதியைக் கழுவுங்கள். காரின் கடைசி அலசலுக்கு மட்டும் வேண்டாம்.

வீணாகிற தண்ணீர்தான் வேண்டுமென்றால் ஏசியின் வடிகுழாய்த் தண்ணீரைப் பிடியுங்கள். அது காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது, கிட்டத்தட்டக் காய்ச்சி வடித்த தண்ணீர். டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரட்டை இலக்கத்திலேயே நிற்கும். தூசிக்காக ஒரு துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். நான் ஒரு வருடத்துக்கு மேலாக இதைத்தான் செய்கிறேன்: போர் தண்ணீரில் கழுவல், கடைசியில் பழைய பூவாளியில் ஏசி தண்ணீர் ஊற்றி அலசல். நாலு வீலுக்கும் சேர்த்து அரை பக்கெட் போதும். மழைக்காலத்தில் ஓடு வழியாக விழும் மழைத்தண்ணீரும் ஆகும், முதல் மழையை மட்டும் விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

கேள்வி: சொல்லவே கூச்சமாக இருக்கிறது. டைல்ஸ் உப்புக் கறைக்கு ஊற்றும் ஆசிட்டைத் தண்ணீர் கலந்து ஒரு வீலில் ஊற்றிப் பார்த்தேன். பொங்கியது. புள்ளி போய்விட்டது, ஆனால் அந்த வீல் மட்டும் சாம்பல் நிறமாக மங்கிவிட்டது. சரிசெய்ய முடியுமா? — பெயர், ஊர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: கூச்சப்படாதீர்கள். என் முதல் காரின் வீலைப் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரால் தேய்த்து, பளபளக்கிறது என்று இரண்டு நாள் பெருமைப்பட்டு, மூன்றாம் வாரம் அது வெள்ளை பூத்துப்போனதைப் பார்த்தவன் நான். கிளியர் கோட்டை முழுசாகச் சுரண்டியிருக்கிறேன் என்று பெயின்ட் பட்டறையில் ஒரு பையன் சொன்ன பிறகுதான் தெரிந்தது. நாரிலிருந்து உதிர்ந்த இரும்புத் தூள் வேறு அலுமினியத்தில் பதிந்து துருப் புள்ளியாக நின்றது.

டைல்ஸ் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பைக் கரைக்கும், அதோடு நிற்காமல் கிளியர் கோட்டின் விரிசல் வழியாக உள்ளே போய் அலுமினியத்தையும் தின்னும். நீங்கள் பார்த்த பொங்கலில் பாதி கறையினுடையது, மீதி உங்கள் வீலினுடையதாக இருக்கலாம். இப்போது செய்ய வேண்டியது: வீலைக் கழற்றி உள்பக்கம், போல்ட் துளை, வால்வு பக்கம் எல்லாம் குழாய்த் தண்ணீரில் பத்து நிமிடம் அலசுங்கள். ஆசிட் இடுக்கில் நின்றால் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். பிரேக் டிஸ்க், காலிப்பர் பக்கம் தெறித்திருந்தால் அதையும் அலசி, மெதுவாக ஓட்டி நாலு முறை பிரேக் பிடித்துப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். மங்கலைப் பொறுத்தவரை, அது பாலிஷில் திரும்பி வராது. மேல்பூச்சை முழுக்க எடுத்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டும், அதைப் பற்றிக் கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

இதோடு ஒரு எச்சரிக்கை. வீலை ‘ஒரே நிமிடத்தில்’ வெளுக்கும் திரவம் என்று லேபிள் இல்லாத கேனில் சில இடங்களில் அடிப்பார்கள். அதில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமோ அதன் உப்புகளோ இருந்தால் வீலை மறந்துவிடுங்கள், தோலில் பட்டாலே ஆபத்து. முதலில் வலிகூடத் தெரியாமல் உள்ளே இறங்கும். கேனில் என்ன இருக்கிறது என்று அவர்களால் சொல்ல முடியவில்லையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: என்னிடம் பழைய கார் ஒன்று இருக்கிறது. அலாய் வீலின் மேல்பூச்சு எப்போதோ உரிந்துபோய் வெறும் அலுமினியமாக, மங்கிப்போய், அங்கங்கே குழியாக இருக்கிறது. பெயின்ட் அடிக்க மனமில்லை. கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்து வைத்துக்கொள்ள ஆசை. கையாலேயே செய்ய முடியுமா? — வாசகர், கோவை

பதில்: முடியும். ஒரு வீலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக ஒதுக்க வேண்டும், தோள்பட்டை இரண்டு நாள் வலிக்கும். இதற்குச் சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

முதலில் நிஜமாகவே வெறும் அலுமினியம்தானா என்று பாருங்கள். வெள்ளைப் பனியன் துணியில் கொஞ்சம் மெட்டல் பாலிஷ் எடுத்து, வெளியே தெரியாத ஓரமாக ஒரு ஸ்போக்கின் பக்கவாட்டில் தேயுங்கள். துணி கறுத்தால் வெறும் உலோகம். வெள்ளையாகவே இருந்தால் மேல்பூச்சு இன்னும் இருக்கிறது. பழைய வீல்களில் பாதி இடத்தில் கறுக்கும், பாதியில் கறுக்காது. அந்த மிச்ச மேல்பூச்சைப் பெயின்ட் ரிமூவர் போட்டு எடுக்காமல் பாலிஷ் செய்தால் புலித்தோல் மாதிரிதான் வரும். ரிமூவர் வாங்கும்போது காஸ்டிக் கலந்தது இல்லை என்று கேட்டு வாங்குங்கள், காஸ்டிக் அலுமினியத்தை அரித்துவிடும். கையுறை கட்டாயம், திறந்தவெளி கட்டாயம்.

வீலைக் கழற்றிச் செய்வதுதான் நல்லது, பாலிஷ் பிரேக் டிஸ்க்கில் படவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள். பிரேக் தூசி பிடிவாதமாக இருந்தால் அயர்ன் ரிமூவர் என்று கிடைக்கும், அடித்ததும் இரும்புத் தூள் ஊதா நிறமாக வழியும், நாற்றம் கொஞ்சம் தாங்க முடியாது. வெறும் அலுமினியத்துக்கு ஆகும் என்று லேபிளில் இருந்தால் மட்டும் போடுங்கள். அப்புறம் வாட்டர் பேப்பர், நம்பர் ஏற ஏற அதன் சொரசொரப்பு குறையும். ஆழமான கீறல் இருந்தால் 400-லிருந்து தொடங்கலாம், வெறும் மங்கல் என்றால் 800 போதும். 800, 1000, 1500, 2000 என்று வரிசையாக, ஒன்றைக்கூடத் தாண்டாமல், சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றுங்கள். முதலில் குறுக்காகத் தேய்த்தால் அடுத்தது நெடுக்காக. அப்போதுதான் முந்தைய பேப்பரின் கோடு முழுசாகப் போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். போகாமல் அடுத்த நம்பருக்குப் போனால் கடைசியில் பளபளப்புக்கு நடுவே அந்தக் கோடுதான் பல்லை இளிக்கும், திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். பெரும்பாலானவர்கள் 1000-இல் பொறுமை இழந்து பாலிஷ் டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். உலராமல் ஈரத்திலேயே தேய்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு, அலுமினியத் தூள் காற்றில் பறக்காது. அது மூச்சுக்கும் கெடுதல், நெருப்புப் பக்கம் போனாலும் ஆபத்து.

பேப்பர் வேலை முடிந்தபோது வீல் ஒரே சீரான பட்டு மங்கலாக இருக்க வேண்டும். இனி அலுமினியத்துக்கான மெட்டல் பாலிஷ். பித்தளைக்கான பாலிஷில் அமோனியா வாசனை மூக்கில் ஏறுமே, அதை விட்டுவிட்டு லேபிளில் ‘மேக்’ (Mag) அல்லது ‘அலுமினியம்’ என்று போட்டிருப்பதை வாங்குங்கள். உள்ளங்கை அளவு இடத்துக்கு ஒரு பட்டாணி. பனியன் துணியில் எடுத்து அழுத்தித் தேய்த்தால் சில நொடியில் தார் மாதிரி கறுப்பாக வரும். பயப்பட வேண்டாம், அலுமினியமும் அதன் ஆக்சைடும்தான் அது. கறுப்பு வந்தபின்னும் தேய்க்க வேண்டும், அங்கேதான் பளபளப்பு பிறக்கிறது. காயவிடாமல் வேறு சுத்தமான துணியால் துடைத்து, மூன்றாவது துணியால் மெருகேற்றுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே திருப்பூர் இருக்கிறது, பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும். துணி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், கறுத்த துணியால் திரும்பத் தேய்ப்பது கீறலைத்தான் கூட்டும். டிரில் மெஷினில் மாட்டும் பஃப் பந்து இருந்தால் ஸ்போக் இடுக்குகளில் பாதி நேரம் மிச்சம். குழிகளைப் பொறுத்தவரை, மேலோட்டமானவை பேப்பரிலேயே போய்விடும். ஆழமானவற்றை விட்டுவிடுங்கள், அவற்றைத் துரத்திக்கொண்டு உலோகத்தைக் குறைப்பது வீலின் பலத்தில் கை வைப்பது.

கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பாலிஷ் எண்ணெயைத் துடைத்துவிட்டு, வீலைக் கறை பிடிக்காமல் காக்கும் சீலன்ட் ஒரு மெல்லிய பூச்சு, ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. வெறும் அலுமினியம் சும்மா இருக்காது, காற்றும் ஈரமும் பட்டு மீண்டும் மங்கத் தொடங்கும். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை லேசாகப் பாலிஷ் போட்டு சீலன்ட் பூச வேண்டியிருக்கும், அது பத்து நிமிட வேலைதான். கோவையில் ஒரு சௌகரியம், சிறுவாணித் தண்ணீர் வரும் வீடாக இருந்தால் கடைசி அலசலுக்கு அதில் ஒரு குடம் எடுத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரை இந்த வீல் மேல் காட்டவே காட்டாதீர்கள். வினிகரும் இங்கே வேண்டாம், மேலே சொன்னது கிளியர் கோட் இருக்கும் வீலுக்கு மட்டும். புள்ளி விழுந்தால் மெட்டல் பாலிஷே எடுத்துவிடும்.

கேள்வி: செராமிக் கோட்டிங் போட்டால் வாட்டர் ஸ்பாட்டே வராது என்று டீட்டெய்லிங் கடையில் சொல்கிறார்கள். போடலாமா? மெழுகு போதாதா? — வாசகர், மதுரை

பதில்: போடலாம். ஆனால் ‘வராது’ என்பதை நம்பிப் போடாதீர்கள். கோட்டிங் போட்ட பரப்பில் தண்ணீர் தாமரை இலையில் நிற்பதுபோல முத்து முத்தாக நிற்கும், கடைக்காரர் அதைத்தான் வீடியோ எடுத்துக் காட்டுவார். அந்த ஒவ்வொரு முத்தும் ஒரு புள்ளி என்பதை மறந்துவிடுகிறோம். போர் தண்ணீர் முத்தாக நின்று வெயிலில் காய்ந்தால் அதிலுள்ள உப்பெல்லாம் அந்தச் சின்ன வட்டத்திலேயே கெட்டியாகப் படியும். அப்படியானால் லாபம் என்ன? படிந்த கறையும் பிரேக் தூசியும் சுலபமாக விட்டுப்போகும், கழுவும் நேரம் பாதியாகும். துடைத்து உலர்த்துகிற பழக்கம் இருப்பவருக்கு நல்ல துணை. இல்லாதவருக்குப் பணம் தண்டம்.

போடுவதற்கு முன் வீலில் ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது, இருந்தால் கோட்டிங்குக்கு அடியில் அது கண்ணாடிச் சட்டம் போட்ட படம் மாதிரி நிற்கும். மெழுகு போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கார்னபா மெழுகு 80 டிகிரியைத் தாண்டினால் உருகும். சமவெளியில் ஓட்டினால் சில வாரம் நிற்கலாம். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது அடிவாரம் வருமுன்பே உருகிப் போய்விட்டிருக்கும். வீலுக்கென்று வரும் சீலன்ட் அதைவிடச் சூடு தாங்கும், செலவும் குறைவு. என் காருக்கு நான் போடுவது சீலன்ட்தான், மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

கேள்வி: ஓரமாகக் கல் பட்ட இடத்திலிருந்து கிளியர் கோட்டுக்கு அடியில் வெள்ளையாகப் புழு ஊர்ந்த மாதிரி கோடுகள் பரவுகின்றன. வினிகரும் பாலிஷும் ஒன்றும் செய்யவில்லை. — வாசகர், தூத்துக்குடி

பதில்: உங்களுடையது தண்ணீர்க் கறை இல்லை, அரிப்பு. கிளியர் கோட் உடைந்த இடம் வழியாக ஈரமும் கடற்காற்றின் உப்பும் உள்ளே புகுந்து, பூச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவே நூல் நூலாக அரித்துக்கொண்டு போகிறது. மேலே எதைத் தேய்த்தாலும் அது உள்ளே இருக்கிறது. டைமண்ட் கட் வீலில் இது அதிகம், சீவிய பரப்பில் பூச்சு பிடித்து நிற்பது கொஞ்சம் கஷ்டம்.

பூச்சை முழுக்க உரித்துத் திரும்ப அடிப்பதுதான் வழி. டைமண்ட் கட்டாகவே வேண்டுமென்றால் லேத்தில் மறுபடி சீவ வேண்டும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் போகும், அதனால் ஓரிரு முறைக்கு மேல் செய்யக் கூடாது. கடலோர ஊருக்கு என் யோசனை, அந்த மோகத்தை விட்டுவிட்டு ஒரே நிறத்தில் பவுடர் கோட்டிங் போட்டுவிடுவது. அடுப்பில் கிட்டத்தட்ட 200 டிகிரியில் வேகவைப்பார்கள். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று முன்கூட்டியே கேளுங்கள், வார்ப்பு அலாயின் பலமே வெப்பப் பதத்தில்தான் இருக்கிறது, அளவு மீறிச் சுட்டால் பலம் குறையும். பதில் சொல்லத் தெரியாத பட்டறை வேண்டாம். வீல் பேலன்சிங் செய்யும்போது விளிம்பில் அடிக்கும் கிளிப் எடைக்குப் பதில் உள்பக்கம் ஒட்டும் எடை கேளுங்கள். கிளிப் கீறும் இடத்தில்தான் பாதிப் புழுக்கள் பிறக்கின்றன.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் எங்கட கிணத்துத் தண்ணியிலயே கார் கழுவுறம். வினாகிரி எண்டால் இங்க தேங்காய் வினாகிரிதான் லேசாக் கிடைக்கும். அது சரிவருமா? — வாசகர், கோண்டாவில்

பதில்: சரிவரும். வேலை செய்வது அதே அசிட்டிக் அமிலம்தான், கிளியர் கோட் இருக்கும் வீல் என்றால் அதே அளவில் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள், தெளிந்ததாகப் பார்த்து எடுங்கள். குடாநாட்டின் நிலத்தடியே சுண்ணாம்புக் கல், தண்ணீர் அதற்குள்ளேயே ஊறிக் கிடப்பதால் நீங்கள் வீலில் பார்ப்பது நிலத்தடிக் கல்லின் ஒரு துளிதான். மாரி காலத்தில் பீப்பாயில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் அலசலுக்குக் காசில்லாமல் ஆகிவிடும்.

கேள்வி: இத்தனை தொல்லைக்கு ஸ்டீல் வீலும் பிளாஸ்டிக் கப்புமே மேல் இல்லையா? — வாசகி, திருச்சி

பதில்: என் மனைவியும் இதையேதான் கேட்கிறாள். அவளுடைய காரில் ஸ்டீல் வீல்தான். ஞாயிற்றுக்கிழமை நான் ஏசி தண்ணீரோடு பூவாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவள் பேப்பர் படித்துக்கொண்டிருப்பாள்.